பலூனில் இருந்தது அந்த மூன்று நிமிடம் அல்ல

வண்டிக் குறிப்பேட்டில் அந்த நாளுக்கு நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "ஜனவரி, மூன்றாம் ஞாயிறு. கடற்கரை ஊர், பள்ளி மைதானம். கூட்டம் நிறைவு. ஒலிபெருக்கி சரி. பலூன் தீர்ந்தது. கடல் அமைதி." ஆண்டு இறுதியில் தணிக்கைக்கு வந்தவர், அறிவியல் வண்டியின் குறிப்பில் 'கடல் அமைதி' எதற்கு என்று கேட்டார். கடலுக்குப் போயிருந்தோம் என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஆண்டைச் சொல்லாமல் விடுகிறேன். தேதி விஷயத்தில் எனக்குள்ள பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். ஆனால் ஆண்டைச் சொன்னால் ஊர் தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் அந்தக் குடும்பமும் தெரிந்துவிடும்.

வண்டியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். திரையை எப்படிக் கட்டுவது, சிலிண்டர் வால்வை எந்தப் பக்கம் திருப்புவது என்பதையெல்லாம் கற்றுத்தர ஆள் இருக்கிறது. கேள்விகளைச் சமாளிப்பதைக் கற்றுத்தர ஆள் கிடையாது, ஏனென்றால் கேள்வி எங்கிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. வடசேரி பேருந்து நிலையத்தின் அருகே வண்டியை நிறுத்திய நாளில் எங்களிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, தக்கலை போகுமா என்பது. குழித்துறையில் ஒரு பெரியவர், பிரபஞ்சம் தொடங்கிய நேரத்தில் கடிகாரமே கிடையாது, பிறகு முதல் மூன்று நிமிடத்தில் ஹீலியம் உண்டானது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார். எங்கள் உரையாளர், "சூடுதான் கடிகாரம். எவ்வளவு ஆறியிருக்கிறது என்று தெரிந்தால் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கணக்குப் போடலாம். சோறு வடித்து எவ்வளவு நேரமாச்சு என்று வீட்டில் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார்களே" என்றார். பெரியவர் திருப்தியாகிப் போய், தன் குடும்பத்தையே அழைத்து வந்தார்.

உரையாளரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் திருத்தம் அனுப்புவார். என்னைவிட மூத்தவர். நான் கருவிகளுக்குப் பொறுப்பு, அவர் பேச்சுக்கு. பேச்சில் அவருக்குச் சமமான ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்தத் திறமைதான் அன்று எங்களைச் சிக்கலில் கொண்டுபோய் விட்டது என்றும் சொல்லலாம். சிக்கலிலிருந்து பாதி தூரம் வெளியே கொண்டுவந்ததும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தக் கரையில் ஞாயிறன்று யாரும் கடலில் தொழிலுக்குப் போவதில்லை. ஊர்க் கட்டுப்பாடு. மீறி வள்ளம் இறக்கினால் ஊர்க் கமிட்டி அபராதம் போடும். ஆகவே தேவாலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்தால் ஊர் முழுக்கக் கரையில்தான் இருக்கும். மாலையில் நாங்கள் தொடங்கினோம்.

உரையாளர் அன்று எடுத்துக்கொண்ட விஷயம், முதல் தனிமங்கள் எப்படி உண்டாயின என்பது. படங்களை ஓரமாக வைத்துவிட்டு அவர் தேர்த் திருவிழாவிலிருந்து தொடங்கினார்.

"தேர் அன்னைக்குக் கோயில் வாசல்ல எப்படிக் கூட்டம்? ரெண்டு பேரு கைகோத்து நடக்க முடியுமா? இடிச்சே பிரிச்சுருவாவ. ஆரம்பத்துல பிரபஞ்சம் அப்படித்தான் இருந்தது. புரோட்டானும் நியூட்ரானும் கைகோக்கும்; ஒளி வந்து இடிச்சுப் பிரிச்சுரும். திரும்பக் கோக்கும், திரும்பப் பிரிக்கும். சரி, தேர் நிலைக்கு வந்து கூட்டம் எல்லாம் போனபிறகு? இடிக்க ஆள் இல்ல. ஆனா கைகோக்கவும் ஆள் இல்ல. இந்த ரெண்டுக்கும் நடுவுல கொஞ்ச நேரம் கிடைக்குல்லா, கூட்டம் தளர்ந்து, ஆளும் மிச்சம் இருக்கிற நேரம்? அந்தக் கொஞ்ச நேரத்துலதான், ஒரு மூணு நிமிஷம்னு வச்சுக்கோங்க, ஹீலியம் பிறந்தது."

தனியாக விடப்பட்ட நியூட்ரான் அதிக நேரம் காத்திருக்காது, கால் மணிக்குள் பெரும்பாலும் சிதைந்து புரோட்டானாகிவிடும் என்று அவர் சொன்னதும் பெண்கள் பக்கம் சிரிப்பு. கைகோத்துக்கொண்டவை பிழைத்தன. எடையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு ஹீலியமானது. மிச்சம் ஹைட்ரஜனாகவே நின்றது. கனமான ஹைட்ரஜன் கொஞ்சம், லித்தியம் மிகமிகக் கொஞ்சம். அதற்குமேல் சேர்க்கைக்கு நேரம் போதவில்லை. கரியும் இரும்பும் பின்னால் வந்த விண்மீன்களின் வேலை.

"அந்த லித்தியத்துல ஒரு வழக்கு இருக்கு" என்றார். "கணக்குப்படி எவ்வளவு இருக்கணுமோ, பழைய விண்மீன்கள்ல தேடிப் பார்த்தா அதுல மூணுல ஒரு பங்கு அளவுதான் அகப்படுது. மிச்சம் எங்கே போச்சுன்னு இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, அதையும் லாரில ஏத்திட்டானுவளா?"

தாதுக்காகக் கரை மணலை லாரியில் அள்ளிப் போவதைப் பற்றி அந்தக் கரையில் பேசாத வீடு கிடையாது. கூட்டம் நன்றாகச் சிரித்தது. உரையாளரும் சிரித்தார். நாங்கள் எந்தத் தரையில் நின்றுகொண்டிருக்கிறோம் என்பதை அந்தச் சிரிப்பிலேயே நாங்கள் நினைவுபடுத்திக்கொண்டிருக்க வேண்டும்.

வழக்கம்போலக் கடைசியில் ஹீலியம் அடைத்த பலூன். வழக்கம்போல உரையாளர் சொல்லும் வாக்கியம்: "இந்தா, அந்த மூணு நிமிஷத்தைக் கையில பிடிச்சுக்கோ." குழந்தைகள் வரிசையில் வந்து வாங்கிக்கொண்டார்கள். அபிஷா என்று ஏழு வயதுப் பிள்ளை. முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, கொஞ்சம் வாயுவை உறிஞ்சிவிட்டு, "எம்மா, எனக்க சத்தத்தக் கேளு" என்றாள். வாத்துக் குரல். மைதானமே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ஹீலியம் விஷமில்லை; ஆனால் நுரையீரலில் காற்று இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். மயங்கி விழுந்த பிள்ளைகள் உண்டு. சிலிண்டரில் நேரடியாக வாய் வைத்து உயிர் போனதும் உண்டு. அன்று உண்மையான ஆபத்து என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த நேரம்தான், அதற்கு யாரும் பயப்படவில்லை.

அபிஷாவின் அம்மா சகாயராணியும் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

"சார், அந்தக் காலத்துல பிறந்த கேஸு இந்தச் சிலிண்டருக்குள்ள எப்படி வந்து சேந்துது?"

இந்தக் கேள்வியை அதற்குமுன் எந்தப் பள்ளியிலும் எந்த ஆசிரியரும் எங்களிடம் கேட்டதில்லை. உரையாளருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. நேராகக் கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார். அன்றும் சொன்னார். அந்தப் பழைய ஹீலியம் விண்மீன்களில் இருக்கிறது, வியாழன் போன்ற பெரிய கோள்களில் இருக்கிறது. பூமியால் அதைப் பிடித்து வைக்க முடியவில்லை, கிட்டத்தட்ட எல்லாம் பறந்துவிட்டது. சிலிண்டரில் இருப்பது தரைக்கடியிலிருந்து எரிவாயுவோடு வருவது. பாறைகளுக்குள் யுரேனியமும் தோரியமும் சிதையும்போது உண்டாவது.

வேறு ஊரில் தோரியம் பாடப்புத்தகச் சொல். அந்த ஊரில் அது வீட்டுச் சொல். அந்தக் கரையின் கறுப்பு மணலில் இருப்பது அதுதான் என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

சகாயராணி பிள்ளையின் வாயைப் பிடித்துத் திறந்து பார்த்தார். "தோரியமா? எனக்க பிள்ள தோரியத்தையா குடிச்சா?"

உரையாளர் விளக்கினார். தோரியம் சிதையும்போது வெளியே பாய்கிற துகளே ஹீலியத்தின் கரு. அது பாய்ந்து ஓய்ந்து, இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் சாதாரண ஹீலியம். பிறகு அதில் கதிர்வீச்சு எதுவும் கிடையாது. விண்மீனில் இருப்பதும் இதுவும் ஒன்றே. ஒவ்வொரு சொல்லும் சரி. யாரும் கேட்கவில்லை. ஒரு கிழவர், "இவனுவள ஆரு அனுப்பினதுன்னு முதல்ல கேளுங்க மக்கா" என்றார். வண்டியின் பின்சக்கரத்தருகே இளைஞர்கள் சிலர் சும்மா நிற்பதுபோல் வந்து நின்றார்கள். எங்கள் ஓட்டுநர் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சகாயராணி மட்டும் சண்டைக்கு வரவில்லை. தாழ்ந்த குரலில் சொன்னார்: "எங்க அக்கா ரத்தப் புற்றுல போனா, சார். போன வருசம். அவளையும் இப்படித்தான், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லிச் சொல்லித்தான் கொண்டு போனாவ. சொல்ல வேண்டாம். உங்ககிட்ட மீட்டர் இருக்குல்லா? வச்சுக் காட்டுங்க."

மீட்டர் என்றது கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியை. என் பொறுப்பில் இருந்தது. பெட்டியைத் திறக்கப் போனேன். உரையாளர் மூடியின்மேல் கையை வைத்தார்.

"இங்க வச்சா அது அடிக்குமே" என்றார் மெதுவாக.

அடிக்கும். பிள்ளை இருந்தாலும் அடிக்கும், இல்லாவிட்டாலும் அடிக்கும். அந்த மணலில் வைத்தால் நாகர்கோவிலில் அடிப்பதைப்போலப் பல மடங்கு அடிக்கும். பிள்ளையின் நெஞ்சில் வைத்த நேரத்தில் அது படபடத்தால், அதன்பின் எந்த விளக்கமும் அந்தத் தாயின் காதில் ஏறாது. கருவியை எடுக்காவிட்டால், எதையோ மறைக்கிறோம் என்றாகும். பழுது என்று சொல்லிவிடலாமா என்று உரையாளர் கேட்டார். பெரிய மனிதர்களுக்கும் அப்படி ஒரு நிமிடம் வரும். வேண்டாம் என்றேன். அவரும் உடனே, "ஆமா, வேண்டாம்" என்றார்.

இளைய நண்பர்களே, இதில் நான் கற்றது, கருவியைக் காட்டுவதற்குமுன் கருவி என்ன சொல்லப் போகிறது என்று சொல்லிவிட வேண்டும் என்பது. உரையாளர் ஒலிபெருக்கியை எடுத்துச் சொன்னார்: "இப்ப இத ஆன் பண்ணப் போறோம். பிள்ளைகிட்ட வைக்கப் போறதில்ல. பலூன்கிட்டயும் வைக்கப் போறதில்ல. வெறும் மண்ணுல வைக்கப் போறோம். அடிக்கும். கேளுங்க."

அடித்தது. வறுசட்டியில் நெல் பொரிவதுபோல.

"இது தரை" என்றார்.

"எங்களுக்குத் தெரியாதாக்கும்" என்றார் அந்தக் கிழவர். ஆனால் அவர் முகம் தெரிந்தவர் முகமாக இல்லை. தெரிந்திருப்பது வேறு, காதால் கேட்பது வேறு.

சகாயராணி சத்தத்தைக் கேட்டபடியே யோசித்தார். "இவ்வளவு சத்தத்துக்குள்ள, பிள்ளைக்க உள்ள இருந்து கூட ரெண்டு சத்தம் வந்தா உங்களுக்குத் தெரியுமா?"

நீண்ட நேரம் எண்ணி ஒப்பிட்டால் தெரியும். அதைச் சொன்னால் எண்ணும் நேரமெல்லாம் அவர் அந்தப் பொரியும் சத்தத்தைப் பிள்ளையோடு கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நாகர்கோவிலுக்கு வண்டியில் போய் அங்கே வைத்துப் பார்க்கலாம் என்று உரையாளர் சொன்னார்.

"நாகர்கோவிலுக்கா? ஆஸ்பத்திரிக்கா?" என்றார் சகாயராணி. அந்த யோசனையும் அதோடு முடிந்தது. அக்காவை அந்தச் சாலை வழியாகத்தான் கொண்டு போயிருப்பார்கள்.

"மண்ணிலிருந்து தள்ளிப் போகணும், அவ்வளவுதான்" என்றேன் நான். "நமக்கும் மண்ணுக்கும் நடுவில் நாலு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தால் போதும். தண்ணீர் மறைத்துவிடும்."

சொல்லி முடித்தபோது எல்லோரும் ஒரே பக்கம் திரும்பியிருந்தார்கள். நானும் திரும்பிப் பார்த்தேன். கடல்.

சகாயராணியின் தம்பி ஜெரோமுக்கு ஒரு பைபர் வள்ளம் உண்டு. "எனக்க வள்ளம் கெடக்கு" என்றான். பிறகு கமிட்டித் தலைவரைப் பார்த்தான். ஞாயிறு. தலைவரும் அங்கேதான் நின்றிருந்தார். ஊரே அவரைப் பார்த்தது. ஒரு முறை விட்டுக்கொடுத்தால் அடுத்த ஞாயிறு யாராவது கருவி இல்லாமலே மருத்துவக் காரணம் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"வலை ஏத்துவியா?" என்றார்.

"இல்ல மாமா."

"தூண்டி?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப அது தொழிலு இல்ல. சவாரி. சவாரிக்குக் கட்டுப்பாடு இல்ல."

தொழில் வள்ளத்தில் பெண்கள் ஏறும் வழக்கமும் அந்தக் கரையில் இல்லை. ஒருவர் அதை எடுத்தார். சகாயராணி அவர் பேசி முடிக்குமுன் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். தலைவர், "சவாரின்னா எல்லாரும்தான் ஏறுவாவ" என்றார். தீர்ப்பு ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதில் அவர் கவனமானவர்.

ஜெரோம், சகாயராணி, அபிஷா, உரையாளர், நான். பலூனையும் கொண்டுவந்தாள் அபிஷா, விடமாட்டேன் என்றாள். தனக்கு நீச்சல் தெரியாது என்பதை முதல் அலை தாண்டிய பிறகுதான் உரையாளர் சொன்னார். கரை அலைகளைத் தாண்டி, தேவாலயக் கோபுரம் விரலளவாகத் தெரியும் தூரத்தில் ஜெரோம் எஞ்சினை நிறுத்தினான்.

கருவியைப் போட்டேன். ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. கெட்டுப்போய்விட்டதோ என்று நானே நினைக்கும் அளவுக்கு ஒன்றுமில்லை. பிறகு ஒரு சத்தம்.

"இது என்னது?" என்றார் சகாயராணி.

"வானத்திலிருந்து வருவது. எல்லா ஊரிலும் உண்டு. எனக்கும் உண்டு" என்று சொல்லி, முதலில் என் நெஞ்சில் வைத்துக் காட்டினேன். பிறகு உரையாளரின் நெஞ்சில். பிறகு அபிஷாவின் நெஞ்சில், வயிற்றில், வாயருகே. பிறகு பலூனில். எங்கும் அதே சத்தம், அதே இடைவெளி. சகாயராணி இன்னொரு முறை வைக்கச் சொன்னார். வைத்தேன். மூன்றாம் முறை கருவியை அவரே வாங்கிப் பிள்ளையின் முதுகில் வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். அலை வள்ளத்தின் பக்கத்தில் தட்டும் சத்தம்தான் அதிகம் கேட்டது.

"ஒண்ணுமில்ல" என்றார். நாங்கள் சொல்லி அவர் நம்பாத சொல்லை அவரே சொன்னார்.

"எனக்கும் ஒருக்க வையுங்க" என்றான் ஜெரோம். வைத்தோம்.

அபிஷாவுக்கு வேறு கவலை. "அப்ப இந்தப் பலூன் பழசு இல்லியா?"

உரையாளர் வள்ளத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி, கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னார். "பழசு இல்ல மக்கா. நான் சொன்னது தப்பு. பழசு வேணும்னா கடல்ல கை விடு. தண்ணிக்குள்ள ஹைட்ரஜன் இருக்குல்லா? அன்னைக்குக் கைகோக்க ஆள் கிடைக்காம மிஞ்சினது அதுதான். அதுக்கப்புறம் அது புதுசாப் பிறக்கவே இல்ல."

அவள் கையை விட்டு, விரலை நக்கிப் பார்த்தாள். "உப்பாட்டு இருக்கு."

"உப்பு பின்னால வந்தது" என்றார். பிறகு விளிம்புக்கு வெளியே வாந்தி எடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வண்டியில் பலூன் கொடுப்பதில்லை. ஒரு குவளைத் தண்ணீரை எடுத்துக் காட்டுகிறோம். பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெரோம் எஞ்சினைக் கிளப்பினான். நான் கருவியை அணைக்கப் போனேன்.

"கெடக்கட்டும்" என்றார் சகாயராணி. "ஆஃப் பண்ணாதீங்க."

ஆகவே அது ஓடிக்கொண்டிருந்தது. முதலில் எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. அலை உடையும் இடத்துக்கு வந்தபோது ஜெரோம் எஞ்சினை நிறுத்தினான். வள்ளம் தானாக வழுக்கிப் போயிற்று. அப்போது கேட்டது. ஒன்று. இரண்டு சேர்ந்தாற்போல. வள்ளத்தின் அடி மணலில் உரசியபோது பழையபடி பொரிய ஆரம்பித்தது. கரையில் நின்ற எல்லோரும் அதைக் கேட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று ஜெரோம் கத்திச் சொன்னான். வண்டிச் சக்கரத்தருகே நின்ற இளைஞர்கள்தான் வள்ளத்தை இழுக்க முதலில் வந்தார்கள். உரையாளரைத் தூக்கி இறக்கியதும் அவர்கள்தான்.

சகாயராணி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினார். என்னருகே வந்து நின்றார். கருவி என் கையில் இருந்ததால் என்னிடம் கேட்டார் என்று நினைக்கிறேன்.

"அப்ப எங்க அக்காவுக்கு வந்தது இதனாலயா?"

உரையாளர் அருகில் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். அவர் மணலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 'இல்லை' என்று சொன்னால் சகாயராணி நிம்மதியாகப் போவார் என்று தோன்றியது. 'ஆமாம்' என்று சொன்னால் ஊர் எங்களைத் தன் பக்கத்து ஆட்களாக எடுத்துக்கொள்ளும் என்பதும் தெரிந்தது. இரண்டுமே என் நாக்கு வரை வந்தன.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

"மீட்டர் வச்சிருக்கீங்க."

"இது தரையில் எவ்வளவு இருக்குன்னு சொல்லும். அவங்களுக்கு ஏன் வந்ததுன்னு சொல்லாது."

அவர் குரலில் கோபமில்லை. "இங்க வந்தவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது, சார். பாதிப்பேரு ஆமான்னாவ, பாதிப்பேரு இல்லன்னாவ." பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த மணலின்மேல் நடந்து வீட்டுக்குப் போனார். வீடு அங்கேதானே இருக்கிறது. கருவியை அதன்பிறகுதான் அணைத்தேன்.

அந்த நாளுக்குப் பின் இதைப்பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வருகிறேன். இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகமுள்ள கரைகளில் புற்றுநோய் கூடுதலாகக் காணப்படவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஆராய்ந்த ஆட்களும் ஆண்டுகளும் போதாது என்றும் எழுதியிருக்கிறார்கள். தனி ஒருவருக்கு ஏன் வந்தது என்று இரு தரப்பும் சொல்லவில்லை; அது அவர்களால் சொல்லக்கூடியதும் அல்ல. சகாயராணியின் அக்காவுடைய நோய்க்கு அந்த மண் காரணமா என்பது, நான் இதை எழுதும் இன்று வரை, உறுதி செய்யப்படாத செய்தி.